பதுக்கெ வலிக்கணம்

எனக்கு மலையாளம் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. குதிரைப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் பத்து வீடு. பத்தும் சங்கரன்கோவில், தென்காசிப் பக்கத்திலிருந்து அப்பன் காலத்தில் மலையேறி வந்த தமிழ் வீடு. அந்தப் பத்து வீட்டில் மலையாளப் பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காமல் நேராகப் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது போதாதா? நான்கு நாள் கோட்டயத்தில் மரம் இறக்கும் வேலைக்கு வேறு போய் வந்திருந்தேன். 'எந்தா', 'மதி', 'போயிட்டு வரட்டே' என்று நாலு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடந்த நடை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. ஆபீசிலிருந்து ஆள் வந்து எதைக் கத்தினாலும், "பொன்ராஜைக் கூப்பிடு" என்பார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நிற்பேன்.

அந்தத் திமிரின் பலனை நான் அனுபவிக்கவில்லை. என் பெண்டாட்டி அனுபவித்தாள். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் பெயர் சுருளியம்மாள். கம்பம் பக்கத்துக்காரி. இருபத்திரண்டு வருஷமாக அந்த எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். வந்த புதிதில் அவள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. போகப் போக எங்களைப் போலவே ஆகிவிட்டது. 'வலிக்கிறது' என்று நாங்கள் முழுதாகச் சொல்வதில்லை, 'வலிக்கு' என்போம். அவளும் அப்படித்தான் சொல்வாள். அந்தச் சொல்லால்தான் இத்தனையும் நடந்தது.

எழுபத்து நாலாம் வருஷம் ஆவணி மாதம். விடாத மழை. நிறைந்த கூடையோடு ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது அவளுக்குக் கால் வழுக்கியது. விழுந்திருந்தால்கூடத் தேவலை. கூடை சரிந்துவிடக்கூடாது என்று இடுப்பை வெட்டித் திருப்பி நின்றிருக்கிறாள். அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் லயத்துக்குள் அவள் குனிந்தபடியே நடந்து வந்தாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று நினைத்து, "என்ன தேடுத?" என்று கேட்டேன். "என் இடுப்பைத்தான்" என்றாள்.

லயத்தில் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. அடுத்த வீட்டுக் குருவம்மாள் இரட்டைப் பிள்ளை பெற்றவள். இரட்டை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து மூன்று நாள் நீவினாள். சுளுக்கு விடவில்லை. எருக்கிலையை வாட்டிக் கட்டினோம். தைலம் தேய்த்தோம். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தோம். கடைசி வீட்டுச் சந்தனம் அண்ணன் கால் முன்னால் வரப் பிறந்தவர், அவர் இடுப்பில் மூன்று மிதி மிதித்தால் சரியாகும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். சந்தனம் அண்ணன் எண்பத்தைந்து கிலோ. "என்னை மிதிக்க வந்தா அவரு காலை ஒடிச்சிருவேன்" என்று சுருளி சொல்லிவிட்டாள்.

அத்தோடு போயிருந்தால் இது கதையே இல்லை. பத்து நாள் கழித்து, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் வேலையை மேற்பார்க்கும் எஸ்டேட் கண்டக்டர் அழகுமலை ஒரு தாளைப் பிரித்து ஏழு பெண்களின் பெயரை வாசித்தார். ஒரு மாதமாகக் கொழுந்து குறைவாகக் கொண்டுவந்தவர்கள். ஐப்பசி முதல் திங்கட்கிழமை புது டாக்டர் வருகிறார். அன்று இந்த ஏழு பேரும் ஆற்றோரக் காட்டில் கூடை நிறையக் கொழுந்து எடுத்து, அதைச் சுமந்து மேட்டில் இருக்கும் நிறுவைக் கொட்டகை வரை இறக்காமல் வரவேண்டும். வந்ததும் டாக்டர் பார்ப்பார். முடியாதவர்களுக்கு 'அன்ஃபிட்'. செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயர் வெட்டு. ஏழு பெயரில் மூன்றாவது பெயர் சுருளியம்மாள்.

பெயர் வெட்டு என்றால் வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடும் போகும். அந்த வீடு அவள் பெயரில்தான் இருந்தது. நான் காண்டிராக்டில் விறகு வெட்டுகிறவன். எனக்கு எந்த ரோலிலும் பெயர் கிடையாது. ஊரில் எங்களுக்கு ஒரு சாண் நிலம் இல்லை. அவள் பெயர் போனால் ஒரே மாதத்தில் சட்டி பானையோடு ரோட்டில் நிற்கவேண்டியதுதான்.

அன்று அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். நிமிர முடியாமல் ஒரு கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, "ஆறு வாரம் இருக்கில்ல?" என்றாள்.

"இருக்கு."

"ஆறு வாரத்துல நான் நிமிந்துருவேன். என் பேரு மேல எவன் கோடு போடுதான்னு பார்க்கேன்."

எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போக முடியாது. போனால் இடுப்பு வலி என்று எழுதிவிடுவார்கள், எழுதியது அழகுமலை கைக்குப் போகும். அப்போதுதான் சித்திரபுரம் கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் வர்ம வைத்தியர் மாதிரி ஒரு மர்ம வைத்தியர் வருகிறார் என்று கேள்விப்பட்டோம். தொடுபுழைப் பக்கத்து மனிதர். குறுப்பு என்று பெயர். டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார்ந்து எலும்பு, நரம்பு எல்லாம் பார்ப்பாராம். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் என்ன? நான் இருக்கிறேனே.

குறுப்பு வைத்தியர் குட்டையாக, தொப்பையோடு இருந்தார். சுருளியை நடக்கச் சொன்னார், குனியச் சொன்னார். "நடுவினு கிழி வைக்கணம்" என்றார்.

கிழி என்றதும் சுருளி முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் நான் அவர் பெட்டிக்குள் இருந்த துணிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டேன். "கிழிக்கறதில்ல புள்ள. கிழின்னா பொட்டலம். சூடு பண்ணி இடுப்புல ஒத்தணும்" என்றேன். வைத்தியர் பொட்டலத்தை எடுத்துக் காட்டித் தலையாட்டினார். சுருளி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. என் தலை கூரையில் இடித்தது. அந்த ஒரு சொல் சரியாகப் போனதுதான் பெரிய கேடு. அதற்குப் பிறகு நான் சொன்னதையெல்லாம் அவள் அப்படியே நம்பினாள்.

அப்புறம் வைத்தியர் தாமே பாயில் மல்லாந்து படுத்தார். ஒரு காலை மடக்கி, இரண்டு கையாலும் முட்டியைக் கோத்துப் பிடித்து, தொப்பை இடிக்க இடிக்க நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். "இங்ஙனெ முட்டு நெஞ்சிலோட்டு வலிக்கணம். பதுக்கெ வலிக்கணம். ராவிலெயும் வைகிட்டும். வலிச்சால் வேதன மாறும்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். "முட்டி நெஞ்சுல வந்து படணும். படும்போது வலிக்கணும். வலிச்சாத்தான் வேதனை மாறுமாம். காலையிலயும் சாயங்காலமும். ஆனா பதுக்கிச் செய்யணும், ஒருத்தருக்கும் தெரியப்படாது."

"ஏன் பதுக்கணும்?"

"மர்ம வைத்தியம்னா மர்மமாத்தான் செய்யணும்."

இதைச் சொல்லும்போது எனக்கே அது பெரிய ஞானமாகத் தெரிந்தது.

சுருளி பாயில் படுத்து முட்டியை மடக்கினாள். வைத்தியர் எண்ணெய்க் குப்பிகளின் பக்கம் திரும்பிக்கொண்டு, "வலிக்கு, வலிக்கு" என்றார். "ஆமா, வலிக்கு" என்றாள் இவள். "ஆ, அது தன்னெ. வலிக்கு." "வலிக்குங்க. நல்லாவே வலிக்கு." இரண்டு பேரும் ஒரே குரலில் ஒத்துப்போனார்கள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஒரு குப்பி எண்ணெயை வாங்கிக்கொண்டு, நான் நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தேன்.

மறுநாளிலிருந்து மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை என் ஆயுளிலிருந்து எடுத்துவிட முடியுமென்றால் எடுத்துவிடுவேன்.

விடியும் முன் அவள் எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போடுவாள். ஜன்னலில் சாக்கைத் தொங்கவிடுவாள். பதுக்கிச் செய்ய வேண்டுமே. பாயில் படுத்து முட்டியை மடக்குவாள். முட்டி நெஞ்சில் படாது. பாதியிலேயே நிற்கும். "அமுக்குங்க" என்பாள். நான் அவள் முட்டியில் கை வைத்து அமுக்குவேன். "வலிக்கு" என்பாள். "வலிக்கணும்" என்பேன். இன்னும் அமுக்குவேன். அவள் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள், சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று. கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போகும். துண்டை எடுத்துவிட்டு, "வலிச்சுதா? போதுமா?" என்று என்னைக் கேட்பாள், ஏதோ பரீட்சை எழுதினவளைப் போல. நான் வாத்தியாரைப் போல, "நாளைக்கு இன்னுங் கொஞ்சம்" என்பேன்.

சில நாள் வலி குறைவாக இருந்துவிடும். அன்றைக்குத்தான் அவள் பயந்துபோவாள். "இன்னைக்குச் சரியா வலிக்கலையே, மருந்து ஏறலையோ?" என்று அவளே இன்னொரு தடவை அமுக்கச் சொல்வாள். எப்பேர்ப்பட்ட பிடிவாதம்! அந்தப் பிடிவாதத்தை நான் கையால் அமுக்கி அமுக்கி வீணாக்கினேன்.

மூன்றாவது வாரம் அவளால் காலையில் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்து, சுவரைப் பிடித்து எழுவாள். வலி இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கிவிட்டது. அப்படியும் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனாள். குருவம்மாள் ஒரு நாள் என்னைத் தடுத்து நிறுத்தி, "ஏண்ணே, அவ இப்ப இன்னும் மோசமாயிட்டாளே, என்னதான் வைத்தியம் பார்க்கீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். பதுக்கவேண்டுமே.

நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. வைத்தியத்தைச் சந்தேகப்பட்டேன், குறுப்பைச் சந்தேகப்பட்டேன். என் மலையாளத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

புரட்டாசி நடுவில் ஒரு வியாழக்கிழமை. வெட்டிய விறகைச் சித்திரபுரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ரோட்டோரச் சரிவில் பத்துப் பன்னிரண்டு பேர் கயிறு கட்டிக் கரண்டுக் கம்பம் ஒன்றை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேட்டில் நின்ற மேஸ்திரி மலையாளி. முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, "வலிக்கு! வலிக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் பதறிப்போனேன். இத்தனை பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவனும் கேட்கவில்லையே? சரிவில் ஏறிப் போய் அவர் கையைப் பிடித்தேன். "எங்க வலிக்கு சேட்டா? நெஞ்சா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கையை உதறி, "பதுக்கெ! பதுக்கெ வலிக்கு!" என்று கயிற்றுக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் இழுப்பதை மெதுவாக்கினார்கள். கம்பம் ஆடாமல் அசையாமல் மேலே ஊர்ந்தது.

கயிற்றின் கடைசியில் நின்றவன் சிரித்த சிரிப்பில் அவன் பிடியே நழுவப் பார்த்தது. கம்பம் மேலே சேர்ந்ததும் என்னிடம் வந்தான். அப்புசாமி என்று பெயர். பாலக்காட்டுக்குக் கிழக்கே கோபாலபுரத்து ஆள், கம்பம் நடும் வேலைக்கு வந்திருந்தான்.

"ஏனுங்க, அவருக்கு நோவு ஒண்ணுமில்லீங்க. கயித்த இழுக்கச் சொல்றாருங்க. மலையாளத்துல வலின்னா இழுன்னு அர்த்தமுங்க."

"அப்ப... பதுக்கென்னா?"

"மெதுவான்னு அர்த்தமுங்க. நம்மூர்ல மொள்ளன்னு சொல்லுவமல்லங்க, அதுதானுங்க. எங்கூரு செக்போஸ்டுக்கு அந்தப்பக்கம் தமிழு, இந்தப்பக்கம் மலையாளமுங்க. எங்களுக்கு இது சின்னதுலயே பழக்கமுங்க." அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "ஏனுங்க, உங்களுக்கு என்னாச்சுங்க? இப்படி உக்காந்துட்டீங்க?"

நான் ஈரச் சரிவில் உட்கார்ந்துவிட்டேன். மெதுவாக இழுக்கவேண்டும். அவ்வளவுதான் அந்த மனிதர் சொன்னது. மெதுவாக இழுத்தால் வலி மாறும். அதைத்தான் நான் மூன்று வாரம், காலையும் மாலையும், என் பெண்டாட்டி கதறக் கதற... என் இரண்டு கைகளையும் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வரும்போது சுருளி கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பாயில் எனக்காகக் காத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. சொல்லும்போதே அழுதேன். திட்டுவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். அப்படியே கேட்டாள்.

"மலையாளந்தான் தெரியாது. சரி. தமிழு தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"வலிக்குன்னு நான் தமிழ்லதானே சொன்னேன்? மூணு வாரமாச் சொன்னேன். ஒரு நாளாவது கையை எடுத்தீங்களா?"

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு விழுந்த அடி அது.

அவளே சுவரைப் பிடித்து எழுந்தாள். ஜன்னலில் தொங்கிய சாக்கை இழுத்துக் கீழே போட்டாள். கதவைத் திறந்தாள். "இன்னும் எத்தன நாள் இருக்கு?" என்றாள். பதினெட்டு நாள் என்றேன். "போதும். ஞாயித்துக்கிழமை மறுபடி அவருட்டப் போவோம். நீங்க வாயைத் திறக்கப்படாது. அந்தக் கோபாலபுரத்து ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அப்புசாமி வந்தான். நடந்ததைக் கேட்டதும் குறுப்பு வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டார். என்னை அவர் மலையாளத்தில் திட்டியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அப்புசாமியும் மரியாதைக்கு அதையெல்லாம் விட்டுவிட்டான். மற்றதை ஒன்றுவிடாமல் சொன்னான். மூன்று நாள் ஒன்றும் செய்யக்கூடாது. கிழி மட்டும். கிழிக்குள் நொச்சியிலையும் உப்பும். அதற்குப் பிறகு முட்டியை அவளே, தன் கையாலேயே, மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக இழுக்கவேண்டும். வலி வரப்போகிறது என்று தெரிகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, பத்து மூச்சு அங்கேயே பிடிக்கவேண்டும். பிறகு அடுத்த கால். பிறகு நாலு காலில் பூனை முதுகைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கவேண்டும். கூடையை நின்றபடி குனிந்து தூக்கக்கூடாது, உட்கார்ந்து மாட்டிக்கொண்டு காலால் எழவேண்டும்.

"நோவு வந்துச்சுன்னா அத்தோட உட்ருங்கன்னு சொல்றாருங்க அக்கா. நோவு வந்தா அது வைத்தியமில்லீங்களாம், வம்புங்களாம்."

அந்த மூன்று நாளும் அவள் பெரட்டுக்குப் போகவில்லை. அழகுமலை ஆளனுப்பினார். "காய்ச்சல்னு சொல்லுங்க" என்றாள். நான்காம் நாள் காலை, கதவைத் திறந்து வைத்தபடி பாயில் படுத்து, தன் முட்டியைத் தானே பிடித்தாள். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். கிட்டே போகத் துணிவு வரவில்லை. முட்டி பாதி தூரம் வந்தது. அங்கேயே பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினாள். மறுநாள் ஒரு விரல்கடை கூடுதலாக வந்தது. அதற்கு மறுநாள் வரவேயில்லை. அவள் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு, மறுபடி கிழியைச் சுடவைத்தாள்.

கதவு திறந்திருந்ததால் குருவம்மாள் பார்த்துவிட்டாள். "என்னடி இது, பிள்ளை பெறப் போற மாதிரி?" என்று கேட்டாள். சுருளி சிரித்துக்கொண்டே முழுக்கதையையும் சொன்னாள். என் மானம் பத்து வீட்டிலும் போயிற்று. போகட்டும். குருவம்மாளுக்கும் இடுப்பு வலி, ஐந்து வருஷமாக. ஏழு பேர் பட்டியலில் இருந்த மற்ற ஆறு பேருக்கும் வலி. பெயர் வெட்டுக்குப் பயந்து ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் பதுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அந்த ஞாயிறு லயத்து வாசலில் சாக்கை விரித்து எட்டுப் பெண்கள் வரிசையாக மல்லாந்து படுத்து முட்டியை இழுத்தார்கள். "பதுக்கெ, பதுக்கெ" என்று சுருளி நடுவில் படுத்துக்கொண்டு கட்டளை போட்டாள். ஆண்களெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி குடித்தோம்.

ஐப்பசி முதல் திங்கள் வந்தது. மழை இல்லை, பனி மட்டும். நான் அன்று விறகுக்குப் போகவில்லை. நிறுவைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றேன். ஆற்றோரக் காட்டிலிருந்து ஏழு பேரும் வரிசையாக ஏறி வந்தார்கள். சுருளி மூன்றாவது. முன்பு ஏறுவதுபோல வேகமில்லை. ஒவ்வோர் அடியாக, காலை அழுத்தி வைத்து ஏறினாள். பாதி மேட்டில் ஒருமுறை நின்றாள். அவள் நின்றபடியே இடுப்பை லேசாக முன்னும் பின்னும் அசைத்துவிட்டு மறுபடி ஏறினாள். கூடையை இறக்கவில்லை. கொட்டகைக்குள் வந்து, உட்கார்ந்து, கூடையைக் கழற்றி, காலால் எழுந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

புது டாக்டர் இளவயது மலையாளி. அவளைக் குனியச் சொன்னார். விரல் முழங்காலுக்குக் கீழே வரை போனது. இடுப்பில் விரலால் அழுத்திப் பார்த்தார். "நேரத்தே நடுவு வேதன உண்டாயிருந்தல்லோ. எந்தா செய்தது?" என்று கேட்டார். முன்பு வலி இருந்ததே, என்ன செய்தாய் என்கிறார். வைத்தியரிடம் போன அன்று அப்புசாமியிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட நாலு சொல்லில் அது அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக அவரைப் பார்த்து மலையாளத்திலேயே சொன்னாள்.

"பதுக்கெ வலிச்சு, டாக்டரே."

டாக்டர் பேனாவைத் திறந்தார். அதற்குள் அழகுமலை முந்திக்கொண்டார். "கேட்டீங்களா? அவளே ஒத்துக்கிட்டா! பதுக்கி வச்சிருந்தாளாம், வலிச்சுதாம்!" டாக்டர் பக்கம் திரும்பி, "சாரே, இவள் வேதன ஒளிச்சு வெச்சு. இப்பவும் உண்டு. அன்ஃபிட்" என்றார்.

அவள் எதை இழுத்தாள் என்று பிடிபடாமல் டாக்டரின் பேனா நின்றது. சுருளியின் முகம் செத்துப்போனது. நான் செய்த அதே தப்பு. அதே இரண்டு சொல். இத்தனை பாடுபட்டு மேடேறி வந்தவளை என் தப்பு கொட்டகை வாசலில் காத்திருந்து மறித்தது.

நான் உள்ளே பாய்ந்தேன். "சாரே, அது இல்ல! அவரு சொல்லுதது தப்பு!"

"நீ யாருடா நடுவுல?" என்றார் அழகுமலை. "உனக்குத்தான் பெரிய மலையாளம் தெரியுமோ?"

கொட்டகை முழுக்க ஆள். எங்கள் லயத்துப் பத்து வீடும் அங்கேதான் நின்றது.

"எனக்கு மலையாளம் தெரியாதுங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "ஒரு மண்ணும் தெரியாது. இந்த ரெண்டு சொல்லு மட்டும் தெரியும். இதை நான் படிச்ச மாதிரி எவனும் படிச்சிருக்க மாட்டான்."

சொல்லிவிட்டு, கொழுந்துத் தூளும் சேறுமாகக் கிடந்த தரையில் டாக்டரின் காலடியில் மல்லாந்து படுத்தேன். முட்டியை மடக்கி, இரண்டு கையாலும் கோத்து, மெதுவாக நெஞ்சுக்குக் கொண்டுவந்தேன். "இது வலிச்சு, சாரே. பதுக்கெ. பதுக்கெ வலிச்சு."

டாக்டர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு புரிந்து, வாய்விட்டுச் சிரித்தார். "ஓ! வலிச்சு!" என்று தாமும் கையால் இழுத்துக் காட்டினார். அழகுமலையிடம் வேகமாக ஏதோ சொன்னார். அழகுமலை தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். மற்ற ஆறு பெண்களையும் டாக்டர் அதே கேள்வி கேட்டார். ஆறு பேரும் ஒரே குரலில், "பதுக்கெ வலிச்சு டாக்டரே" என்றார்கள். ஏழு பெயரிலும் கோடு விழவில்லை. ஒருத்திக்கு மட்டும் இரண்டு மாதம் லேசான வேலை என்று எழுதினார். அது சுருளி இல்லை.

வலி அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மழைக் காலத்தில் எட்டிப் பார்க்கும். இழுப்பதை அவள் ஒரு நாளும் விட்டதில்லை, எப்போதும் தன் கையாலேயே. நானும் கிட்டே போனதில்லை. அவள் கூப்பிட்டதுமில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு சாயங்காலம், கதவு திறந்திருந்தது. பாயில் படுத்தபடி, "இந்தாங்க, இங்க வாங்க" என்றாள். "எடது காலு வரமாட்டேங்கு. கொஞ்சம் பிடிங்க."

நான் பயந்து பயந்து உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் கையைக் கொடுத்தேன். பூவைத் தொடுகிற மாதிரி தொட்டேன். மெதுவாக நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"வலிக்கு" என்றாள்.

நெருப்பைத் தொட்டவன்போல இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். எழுந்தே நின்றுவிட்டேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"எதுக்கு விட்டீங்க? பிடிச்சு இழுங்க. நான் மலையாளத்துலல்லா சொன்னேன்."